பழைய டிவிக்குப் பின்னால் மூன்று நாள்

அம்மாவின் குறை இதுதான்: கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவி எரிகிறது, ஆனால் படம் வருவதில்லை. தெருக் கம்பத்தில் தொங்குகிற கேபிள் ஆம்ப்ளிஃபையருக்கும் கரண்ட் வேண்டுமே, தெரு இருட்டானால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். தென்காசிப் பக்கம் ஆனி ஆடியில் காற்று எடுத்தால் இது வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடக்கும். "ஏய்யா, அவ வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாளாம். எப்படி வந்தான்னே நான் பாக்கல" என்று போனில் சொன்னபோது, சொந்தக்காரர் யாரையோ சொல்கிறாள் என்று நினைத்துப் பதறிவிட்டேன். சீரியல்.

அப்பாவுக்குச் சீரியல் ஆகாது. போனைச் சொம்பில் சாய்த்து வைத்து யூடியூபில் பழைய பாட்டு பார்ப்பார். சொம்பு நகரும், போன் குப்புற விழும், எடுத்து மறுபடி சாய்ப்பார். வீட்டுக்கு ஃபைபர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. டிவி ஒரு அறையில், நெட் ஒரு அறையில், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று நாள் லீவில் போனபோது அதைச் சேர்த்து வைக்க உட்கார்ந்தேன்.

டிவி 2014-ல் வாங்கியது. 32 இஞ்ச் எல்இடி, ஸ்மார்ட் கிடையாது. பின்னால் படமும் ஒலியும் உள்ளே வருகிற எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு, ஒரு யுஎஸ்பி. பேனலில் 1366 க்கு 768 புள்ளிகள், அதாவது 'எச்டி ரெடி' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற ரகம். "தூக்கிப் போட்டுட்டு ஸ்மார்ட் டிவி வாங்கிடு" என்றாள் தங்கச்சி. எனக்கு மனசு வரவில்லை. பேனலில் ஒரு கோடு விழவில்லை, ஒரு மூலை மங்கவில்லை. தவிர, ஸ்மார்ட் டிவியில் முதலில் கிழடு தட்டுவது ஸ்மார்ட்தான், டிவி இல்லை. சித்தப்பா வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் எந்த ஆப்பும் திறக்கவில்லை, 'நெட்வொர்க் பிழை' என்றே சொன்னது. ரூட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால் டிவியின் தேதி 2010 ஜனவரிக்குப் போயிருக்கிறது. ஆப் எதுவும் சர்வரோடு பேசுமுன் அந்தச் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும். அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2010-ல் நிற்கிற டிவிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தியதும் பாதி ஆப் திறந்தது. மீதிப் பாதிக்கு அந்த மாடலில் அப்டேட்டே நின்றுவிட்டது. அவரும் இப்போது டிவியில் தனியாக ஒரு ஸ்டிக், அதாவது நெட்டிலிருந்து படத்தை எடுத்து டிவிக்குக் கொடுக்கிற சின்னக் கருவி, செருகித்தான் பார்க்கிறார்.

முதல் நாள் காசை வீணடித்தேன். போனிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் போதுமே என்று பஜாரில் டைப்-சி யிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் ஒரு துண்டு வாங்கினேன்.

"அண்ணாச்சி, இது எல்லா போன்லயும் ஓடுமா?"

"டைப்-சின்னா ஓடும் தம்பி."

ஓடவில்லை. ஓட்டை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கிற வசதி போனுக்குப் போன் வேறு. டைப்-சி வழியாகப் படம் வெளியே வர 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று ஒன்று போனில் இருக்க வேண்டும். அப்பாவின் போன் யுஎஸ்பி 2.0, சார்ஜ் ஏறும், ஃபைல் போகும், அவ்வளவுதான். விலை குறைந்த போன்கள் பெரும்பாலும் இப்படித்தான். வாங்குமுன் போனின் விவரப் பட்டியலில் பார்த்திருக்கலாம். அண்ணாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தங்கச்சி மகன் ஒரு மிரரிங் டாங்கிள் வைத்திருந்தான். அதைச் செருகியதும் போன் திரை அப்படியே டிவியில் வந்தது. யூடியூப் ஓடியது. அப்பா சொம்பைக் கழுவிக் கவிழ்த்தே விட்டார். ஆனால் காசு கட்டிப் பார்க்கிற ஆப்பைத் திறந்ததும் வசனம் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பு. "ரேடியோ மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. இது கோளாறு இல்லை, திட்டமிட்டே செய்தது. மிரரிங் என்றால் போன் தன் திரையைத் தானே நொடிக்கு நொடி படம்பிடித்து அனுப்புகிறது. அப்படிப் பிடிக்க விட்டால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், காசு வாங்கும் ஆப்புகள் அந்த இடத்தில் திரையை மூடிவிடும். காஸ்ட் என்பது வேறு. அதில் போன் 'இந்தப் படம், இந்த நிமிஷத்திலிருந்து' என்று சீட்டு மட்டும் கொடுக்கிறது. சரக்கை டிவியில் செருகிய கருவியே நேராக நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நடுவில் போனில் கால் வந்தாலும் படம் நிற்காது. ஊரில் இரண்டையும் 'டிவியில போடுறது' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம்.

ஆக ஸ்டிக்தான் என்று முடிவானது. பக்கத்து வீட்டு மாமா, "ஸ்டிக் எதுக்கு, அதே வேலைக்குப் பெட்டி ஒண்ணு வாங்கு, பாதி விலைதான், 4கே" என்றார். அவர் வீட்டுப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 4கே. படத்தைத் திருடவிடாமல் காக்கிற பூட்டுக்கு டிஆர்எம் என்று பெயர், உள்ளே அதன் விவரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் 'வைட்வைன் எல்3' என்று இருந்தது. வைட்வைன் என்பது கூகுளின் பூட்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கிற வேலை சிப்பின் காவலான பகுதிக்குள் நடக்கும். எல்3 என்றால் எல்லாம் சாதாரண மென்பொருளிலேயே. எல்3 கருவியை நம்பாமல் பெரிய சேவைகள் 480பி போல மங்கல் படத்தைத்தான் கொடுக்கும். மாமா நாலு வருஷமாக 4கே பெட்டியில் மங்கல் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு டிவி வேலை எனக்கு வரும்.

இரண்டாம் நாள் ஸ்டிக் வந்தது. இனிமேல்தான் உண்மையான வேலை.

சுவரில் மாட்டிய டிவிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. ஸ்டிக்கை நேராகச் செருகினால் சுவரில் இடிக்கிறது. டப்பாவில் சாண் அளவில் ஒரு எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் இருந்தது. அதில் செருகிக் கீழே தொங்கவிட்டேன். கரண்டுக்கு என்ன செய்வது? டிவியிலேயே யுஎஸ்பி இருக்கிறது, ஸ்டிக்கின் ஒயரும் யுஎஸ்பி. அழகாகப் பொருந்தியது. சுவரில் ஒரு ஒயரும் தெரியவில்லை. அம்மாவுக்குப் பரம திருப்தி.

அழகு அரை மணி நேரம். மெனு நன்றாக வருகிறது, மேலே கீழே போகிறது, தேடுகிறது. படத்தைப் போட்டால் ஒரு நிமிஷம் ஓடித் திரை கறுத்து, மறுபடி முதலிலிருந்து லோகோ வருகிறது. "நெட்டு சரியில்ல" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் எது ஓடாவிட்டாலும் நெட்டுத்தான். நானும் நம்பி ரூட்டரைப் பக்கத்துக்குத் தூக்கி வந்து பார்த்தேன், அதே கதை. அப்புறம்தான் உறைத்தது: நெட் சரியில்லை என்றால் வட்டம் சுற்றும், படம் மங்கும், லோகோவிலிருந்து ஆரம்பிக்காது. லோகோ வருகிறதென்றால் கருவியே அணைந்து எரிகிறது.

டிவிக்குப் பின்னால் போனை நுழைத்து, டார்ச்சோடு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். யுஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் '5 வோல்ட், 0.5 ஆம்பியர்'. ஸ்டிக்கோடு வந்த அடாப்டரில் '5 வோல்ட், 1 ஆம்பியர்'. ஒன்று இரண்டரை வாட், மற்றது ஐந்து வாட். மெனுவில் சும்மா நிற்கும்போது பாதிப் பசிக்குக் கிடைப்பதே போதும். படம் ஓடும்போது வைஃபையும் வேலை செய்கிறது, படத்தை அவிழ்க்கிற சிப்பும் வேலை செய்கிறது. அப்போது கரண்ட் பற்றாமல் மயங்கி விழுகிறது. டப்பாவிலேயே அடாப்டர் வைத்துக் கொடுத்தும் டிவியில் செருகியது என் சாமர்த்தியம். இன்னொன்றும் உண்டு: டிவியை அணைத்தால் அதன் யுஎஸ்பியும் அணையும், அதனால் ஒவ்வொரு தடவையும் ஸ்டிக் முதலிலிருந்து எழுந்து வர வேண்டும்.

அடாப்டருக்கு மாற்றினேன். ஒயர் சுவரில் தெரிகிறது என்று அம்மா ஒரு நாள் முகம் கோணியதோடு சரி. ஒயரையும் கூடவே வந்ததைத்தான் போட்டேன். சார்ஜர் டப்பாவில் கிடக்கும் மெல்லிசு ஒயர் நீளமாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜைத் தின்றுவிடும்.

ஓரங்கள் வெட்டுப்பட்டு, சப்டைட்டிலின் கீழ்வரி பாதி தெரியவில்லை. பழைய ட்யூப் டிவி காலத்துப் பழக்கம், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைப்பது. டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி 'ஜஸ்ட் ஸ்கேன்' வைத்ததும் தீர்ந்தது. வேறு டிவிகளில் 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று இருக்கும்.

வைஃபைக்கு வருகிறேன். முன் அறையும் டிவி இருக்கிற அறையும் தாத்தா கட்டியவை. நடுவில் ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புச் சாந்து. ரூட்டர் வாசல் பக்கம். ஃபைபர் போட வந்த தம்பி எங்கே ஓட்டை போட வசதியோ அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரூட்டர் பக்கத்தில் போனில் வேகம் பார்த்தால் 38 எம்பிபிஎஸ். ரூட்டர் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தருகிறது. டிவிக்கு அடியில் 5 கிகாஹெர்ட்ஸில் 3, 6, 2 என்று துள்ளுகிறது. அதே இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 17, அசையாமல். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 மெதுவானது, சுவரை ஓரளவு தாண்டும். ரூட்டர் இரண்டையும் ஒரே பெயரில் காட்டியதால் ஸ்டிக் ஒவ்வொரு தடவையும் 5-ஐப் பிடித்துக்கொண்டு தவித்தது. ரூட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்து, ஸ்டிக்கை 2.4-ல் மட்டும் சேர்த்தேன்.

பதினேழு போதுமா என்றால் தாராளம். நெட்ஃபிளிக்ஸ் 1080பிக்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கேக்குத்தான் 15. 768 வரி டிவியில் 4கே எதற்கு? நூறு, இருநூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்லி வாரம் ஒரு போன் வருகிறது. சுவரைத் தாண்டி வருகிறதுதான் கணக்கு, வாசல் வரை வருவது இல்லை. நீட்டிப்பு ஒயரில் தொங்கவிட்டதும் இதற்கு உதவியது. டிவியின் முதுகுத் தகட்டை ஒட்டி இருந்தபோது 11 தான் காட்டியது, தள்ளித் தொங்கியதும் 17.

"நெட்டு தீந்துராதா?" என்றார் அப்பா. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எச்டியில் மணிக்கு மூன்று ஜிபி வரை போகலாம். நாளுக்கு நாலு மணி என்றால் 12, மாதத்துக்கு 360. எங்கள் ஃபைபர் பிளானில் மாதத்துக்கு 3300 ஜிபி. அப்பா இரவும் பகலும் பாட்டு போட்டாலும் தீராது. ஆனால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஸ்டிக்கை இணைத்தால் தினம் 2 ஜிபி பேக் ஒரு மணி நேரத்துக்கு முன்பே காலி. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

மூன்றாம் நாள் கணக்கு, பாஸ்வேர்டு, ஓடிபி. ஒயர் வேலையை விட இதில்தான் அதிகம் அலுத்தேன். டிவி ஒரு கோடு எண்ணைக் காட்டும், அதைப் போனில் அடிக்க வேண்டும். ஓடிபி அப்பா நம்பருக்குப் போகும், அப்பா போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருப்பார். திரும்பி வருவதற்குள் கோடு காலாவதி. மூன்று தடவை.

அப்பாவின் ரீசார்ஜோடு ஒரு சேவை இலவசமாக வந்திருந்தது. போனில் ஓடுகிறது, டிவியில் 'பிளானை உயர்த்தவும்'. அது மொபைலுக்கு மட்டுமான சந்தா. ரீசார்ஜ் பேக்கோடு சேர்ந்து வருவதில் பல அந்த ரகம். நெட்ஃபிளிக்ஸிலும் 2021 டிசம்பரில் 149 ரூபாய்க்கு இறக்கியது மொபைல் பிளான்தான். போனிலும் டேப்லெட்டிலும் பார்க்கலாம், டிவிக்கு ஆகாது. சரி, சென்னையில் என் கணக்கு இருக்கிறதே என்று பார்த்தால், 2023 ஜூலை முதல் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு என்றாகிவிட்டது. நான் இருக்கிற மூன்று நாள் சமாளிக்கலாம், நான் கிளம்பினபின் அம்மா என்ன செய்வாள்?

கடைசியில் வேண்டியதைக் கேட்டேன். எல்லாம் வேண்டும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு யூடியூப், காசு இல்லை. அம்மாவுக்குச் சீரியல், அதற்கு சன் நெக்ஸ்ட். டிவியில் ஓடுகிற பிளானா என்று பார்த்து அது ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டினேன். கிரிக்கெட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே மாமா ஒரு காரியம் செய்தார். அவர் வீட்டுப் பெட்டியில் ஒரு ஆப் கோடு கேட்டதும், நெட்டில் தேடி 'ஆக்டிவேஷன் உதவி' என்று கிடைத்த நம்பருக்கு அடித்திருக்கிறார். அந்தப் பக்கம் ஒருவன் பதிவுக் கட்டணம் ஆயிரத்துச் சொச்சம் என்று சொல்லி, போனில் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லியிருக்கிறான், தூரத்திலிருந்து திரையைப் பார்க்கிற ஆப். அத்தைக்குச் சந்தேகம் வந்து போனைப் பிடுங்கி அணைத்ததால் தப்பித்தார். டிவியில் கோடு போடுவதற்கு எந்தச் சேவையும் தனியாகக் காசு கேட்பதில்லை. டிவித் திரையில் காட்டுகிற முகவரியை எழுத்து பிசகாமல் அடிக்க வேண்டும், தேடவே கூடாது.

இரவு படம் போட்டோம். பாட்டு வீட்டையே தூக்குகிறது, வசனம் வரும்போது காதைத் தீட்ட வேண்டியிருக்கிறது. வேறொரு ஆப்பில் சத்தமே இல்லை, படம் மட்டும். நேற்று ரேடியோ, இன்று ஊமைப்படம். ஸ்டிக் டால்பி ஒலியைக் கட்டோடு அனுப்புகிறது, 2014 டிவிக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியவில்லை. ஸ்டிக்கின் ஒலி செட்டிங்கில் சரவுண்ட் சவுண்டை 'பிசிஎம்' என்று மாற்றினால் ஸ்டிக்கே அவிழ்த்து இரண்டு ஸ்பீக்கருக்கு ஏற்றபடி கொடுத்துவிடும். ஊமைப்படம் பேசியது. வசனம் இன்னும் கொஞ்சம் தணிவுதான். ஐந்து ஸ்பீக்கருக்குக் கலந்ததை இரண்டில் அடைத்தால் அப்படித்தான்.

ரிமோட் இரண்டானது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. டிவி மெனுவில் எச்டிஎம்ஐ-சிஇசி என்பதைத் தேடி ஆன் செய்தேன். இதற்குக் கம்பெனிக்கு ஒரு பெயர்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். இப்போது ஸ்டிக் ரிமோட்டில் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் டிவி தானே எழுந்து, கேபிளிலிருந்து ஸ்டிக்குக்கு மாறிவிடுகிறது. அந்தப் பொத்தானில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தாள் தங்கச்சி. கீழே வரிசையாக இருக்கிற ஆப் பொத்தான்கள்தான் தொல்லை. கை பட்டாலே எங்கோ போய்விடுகிறது. அவற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் கரண்ட் போனது. எல்லாரும் டிவியைப் பார்த்தோம். டிவி எரிகிறது, ஸ்டிக் எரிகிறது, படம் வட்டம் சுற்றுகிறது. "நெட்டு" என்றார் அப்பா. இந்தத் தடவை அவர் சொன்னதுதான் சரி. வாசல் பக்கம் போய்ப் பார்த்தால் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்து கிடக்கின்றன. அந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. மூன்று நாளாக வாட்டும் எம்பிபிஎஸ்ஸும் பார்த்தவன், எதற்காக ஆரம்பித்தேனோ அதை மறந்திருக்கிறேன். நடு அறையில் இன்வெர்ட்டர் பாயின்ட் ஒன்று உண்டு. அங்கிருந்து ஸ்பைக் பஸ்டர் இழுத்து இரண்டையும் அதில் செருகினேன். இரண்டு நிமிஷத்தில் பச்சை விளக்கு வந்தது. தெரு முழுக்க இருட்டு, அம்மா போன வாரத்து மூன்று எபிசோடில் முதலாவதைப் போட்டாள். ஃபைபர்காரர்கள் அந்த முனையில் பேட்டரி வைத்திருக்கிறார்கள் போல, நெட் நிற்கவில்லை.

ஸ்பைக் பஸ்டர் ஒயர் இப்போது நடைபாதையின் குறுக்கே ஓரமாக, டேப் ஒட்டிக் கிடக்கிறது. அடுத்த தடவை போகும்போது ரூட்டரையே சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒன்றரை அடிச் சுவரில் ஓட்டை போட வேண்டும். "தாத்தா கட்டின சுவருல கை வைக்காதல" என்று அப்பா சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாகத்தான் ஒயரை வளைக்க வேண்டும்.